ஒக்டோபர் இரண்டும் ஒரு சேவலும்

அன்று காலை ஒரு தீர்மானத்தோடு எழுந்தேன். என் பிறந்த நாளில் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டேன். மதியம் சேவல் குழம்பு. அதற்கு முன்னால் கால் போத்தல் சாராயம். மழை கொட்டியதால் எங்கள் கலவானை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் இல்லை. வானமே என் கட்சி.

இருபத்திரண்டு வருஷத்தில் என் மனைவி கிருஷ்ணகுமாரியை வாயால் ஜெயித்ததில்லை. ஆகவே இந்த முறை ஆதாரத்தோடு போனேன். மகள் நிரோஷா ஃபோனில் ஒக்டோபர் இரண்டைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"குமாரி, இன்னைக்கு யார் யார் பொறந்திருக்காங்க தெரியுமா?"

"நீங்க பொறந்தீங்க. அதான் நான் அனுபவிக்கிறேனே."

"மகாத்மா காந்தி. இந்தியாவுல பிரதமரா இருந்த லால் பகதூர் சாஸ்திரி. மூணாவது நான். இப்பேர்ப்பட்ட தேதியில பொறந்த ஆள வெறகு பொறுக்க அனுப்பலாமா?"

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். கடைசியில் என் மேல் மரியாதை வந்துவிட்டது என்று லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி செருமினேன்.

"சரி, ஒத்துக்கிறேன். அப்ப பெரிய மனுசங்க மாதிரியே கொண்டாடுவோம். காந்தி சாராயம் குடிப்பாரா?"

"குடிக்க மாட்டாரு."

"கறி தின்னுவாரா?"

"ம்ஹூம்."

"கக்கூஸ் கழுவ ஆள் தேடுவாரா?"

எனக்கு வியர்த்தது. "அவரே கழுவுவாரு."

ஃபோனை வாங்கி அவளே தள்ளித் தள்ளிப் படித்தாள். "நாட்டுல பஞ்சம்னு வாரத்துல ஒருவேள சாப்பாட்ட விடச் சொன்னாராம் சாஸ்திரி. அப்ப ராத்திரி சோறு வேணாம். காமராஜர் தவறினதும் இதே தேதி. துக்க நாள்ல சேவல் அடிப்பாங்களா? உலக அகிம்சை நாளும் இன்னைக்குத்தானாம். ஐ.நா. சபையே சொல்லியிருக்கு."

சேவல் வாசலில் நிம்மதியாகக் கிளறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருஷமாகக் காத்திருந்த குழம்பு. தப்பிக்க ஒரே ஒரு வழிதான். அதை இதுவரை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

"குமாரி, உண்மையச் சொல்லிர்றேன். இன்னைக்கு என் பொறந்தநாளே இல்ல. நான் பொறந்து ஏழெட்டு மாசம் கழிச்சுத்தான் அப்பா பதியப் போனாரு. தேதி கேட்டிருக்காங்க. மறந்துபோச்சு. வாயில வந்ததச் சொல்லிட்டாரு. அதுதான் ஐடென்டி கார்ட்ல இருக்கு. காந்திக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"நெசமாவா? அப்ப எப்பப் பொறந்தீங்க?"

"மழை ஊத்துன ஒரு நாள்னு அம்மா சொல்லும்."

"கலவானையில மழை ஊத்தாத நாளு ஏது?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரித்தால் பாதி ஜெயித்த மாதிரி. மளமளவென்று கத்தியைத் தேடினேன்.

"கத்தி எதுக்கு? பொறந்தநாளே இல்லாத ஆளுக்கு என்ன சேவல்?" என்றபடி கக்கூஸ் பிரஷ்ஷை என் கையில் வைத்தாள். "உங்க பொறந்தநாள்தான் பொய். காந்தியோடது உண்மைதானே? போய்க் கழுவுங்க."