முகமூடியோடு போன புருவம்

கற்பிப்பதில் உள்ள பேராபத்து, கற்பிப்பவனுக்கு அது பிடித்துப்போய்விடுவதே. எனக்குப் பதினேழு வயதிலேயே பிடித்துப்போயிற்று.

மலேசியாவின் தம்பின் நகரில் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் குழுவுக்கு நான் தலைவன். சனிக்கிழமைதோறும் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குச் சென்று பிள்ளைகளுக்குச் சோதனைகள் செய்து காட்டுவோம். அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர அங்கே ஒரு பிள்ளைகூடப் பதியவில்லை. ஆகவே தலைமையாசிரியை பெற்றோரை அழைத்து அறிவியல் நாள் நடத்தினார். லாரி ஓட்டும் முனியாண்டியின் மகள் யாழினிமீதுதான் அவருக்கு நம்பிக்கை. முனியாண்டியோ நகரப் பள்ளிக்கே ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்.

"அவரு மனசு மாறுற மாதிரி ஏதாச்சும் செய், தம்பி," என்றார் தலைமையாசிரியை.

ரப்பர்ப் பால் காய்ந்தால், பூசிய பொருளின் வடிவத்தை அப்படியே பெறும் என்று காட்ட, என் முகத்தையே அச்சாக்க முடிவு செய்தேன். அன்று காலை மரம் வெட்டி எடுத்த பால் வாளியில் வந்தது.

"புருவத்துக்காச்சும் எண்ண தடவு லா," என்றாள் குழுத்தோழி சாலினி.

"எண்ணெய் தடவினால் வடிவம் துல்லியமாக வராது." (அப்போதே நான் இப்படித்தான் பேசுவேன்.)

"உன் மூஞ்சில என்ன துல்லியம் இருக்கு?"

நான் சவர்க்காரம் போட்டு முகத்தை நன்கு கழுவி, இருந்த எண்ணெய்ப்பசையையும் போக்கினேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோலப் பூசினார்கள். கண்ணும் வாயும் மூக்குத் துளைகளும் தப்பின. (வலப்புருவமும் தப்பியது. அப்பக்கம் பூசிய பையன் பாதியில் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டான். அவனுக்கு என்றும் கடமைப்பட்டவன்.) மின்விசிறிமுன் அமர்ந்து, முகம் அசையாமல் விரிவுரையும் ஆற்றினேன். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதை ஆழ்ந்த கவனமென்று எண்ணிக்கொண்டேன்.

பால் காய்ந்ததும் சாலினி தாடையிலிருந்து உரித்தாள். கன்னம்வரை அறிவியல் வென்றது. அதற்குமேல் நான் எழுப்பிய ஒலிக்கு வெளியே மேய்ந்த ஆடுகள் பதில் கொடுத்தன.

"இழுக்கவா, விடவா?"

"மெதுவாக."

அவளுக்கும் மெதுவுக்கும் என்றுமே உறவில்லை.

முகமூடி மிகத் துல்லியமாகவே வந்தது. அதன் உட்புறத்தில் என் இடப்புருவம் சிதையாமல் ஒட்டியிருந்தது. தலைமையாசிரியை என்னைப் பார்க்கவில்லை, முனியாண்டியைப் பார்த்தார். பள்ளியின் எதிர்காலத்தையும் சேர்த்தே உரித்துவிட்டோம் என்றே தோன்றியது.

யாழினி முன்னால் வந்து முகமூடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நான் இந்தப் பள்ளிக்கூடந்தான்."

"ஏம்மா?"

"டவுன் பள்ளிக்கூடத்துல அண்ணனுக்குப் புருவம் புடுங்குவாங்களா?"

முனியாண்டி சிரிக்கத் தொடங்கி, இருமி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க கையெழுத்துப் போடணும், டீச்சர்?"

புருவம் மீண்டும் முளைக்கும்வரை சாலினியே நாள்தோறும் மைப்பென்சிலால் வரைந்துவிட்டாள். அப்பழக்கம் திருமணத்தில் போய் முடிந்தது. இப்போது எங்கள் மகள் குடும்பப் படம் வரையும்போதெல்லாம் எனக்கு ஒற்றைப் புருவம்தான் வைக்கிறாள். இன்னொன்று எங்கே என்று அவளுடைய ஆசிரியை கேட்டாராம்.

"தோட்டத்துப் பள்ளிக்கூட அலமாரியில பத்திரமா இருக்கு, டீச்சர். அப்பா ஒரு அக்காவைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கக் குடுத்துட்டாரு."