செட்டப் அண்ணன் வாயில் பிளாஸ்திரி

நீலகிரியில் தேயிலைத்தூளைப் பெட்டியில் அடைத்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பெட்டியில் அடைப்பதற்காகத் தன் வாயையே அடைத்துக்கொண்டவர் ஒருவர்தான். எங்கள் செட்டப் அண்ணன்.

குன்னூர்ப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரி. நான் கிளார்க், பக்கத்து நாற்காலியில் அண்ணன் கம்ப்யூட்டர் பார்த்தார். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். தூள் சரியில்லை என்று வியாபாரிகள் மூட்டைகளைத் திருப்பி அனுப்புவார்கள். "இப்படியே போனா கதவைச் சாத்த வேண்டியதுதானுங்க" என்று முதலாளி தினமும் காலையில் சொல்லிவிட்டுப் போவார்.

அண்ணன் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினார். அன்றைய குளிரையும் ஈரத்தையும் தட்டினால், பச்சை இலையை எத்தனை மணி நேரம் வாட்ட வேண்டும் என்று சொல்லும். வாட்டம் கூடினாலும் குறைந்தாலும் தூள் கெட்டுவிடும். பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் அண்ணனுடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் வேலை செய்தது.

குந்தாப் பக்கத்து ஃபேக்டரி ஒன்று அதைக் கேட்டது. அண்ணன் ஜீப்பில் போய், முதலில் பைத்தானைப் போட்டு, பிறகு அதற்கு வேண்டிய துணைச் சாமான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, இரண்டு நாள் போராடினார். கடைசியில் ஏதோ ஒரு டி.எல்.எல். ஃபைலைக் காணோம் என்றது திரை. அங்கிருந்த மேனேஜர் அக்கறையாகக் கேட்டாராம்: "ஏனுங்க, அது ஊட்டி மார்க்கெட்ல கெடைக்குமுங்களா? ஆளை அனுப்பட்டுங்களா?"

திரும்பி வந்தவர் சபதம் போட்டார். "இனி ஒரே ஃபைலுங்க. ரெண்டு தட்டு தட்டுனா உள்ள போயிரோணும். நான் போகவே கூடாது."

பைத்தானையும் மற்ற சாமான்களையும் சேர்த்து ஒரே செட்டப் ஃபைலாகக் கட்டினார். செட்டப் அண்ணன் என்ற பெயர் அப்படித்தான் வந்தது, வைத்தது நாங்கள். அந்தச் சொல்லுக்கு ஊரில் இருக்கும் இன்னொரு அர்த்தத்தால் அவர் மனைவி எங்களோடு ஒரு மாதம் பேசவில்லை.

சோதித்துப் பார்க்க, மவுஸையே தொட்டிராத ஆள் வேண்டும் என்றார். இலை வாட்டும் கூடத்தில் வேலை செய்த செல்லம்மாக்கா கிடைத்தார். சிலோனிலிருந்து வந்தவர், யாருக்கும் பயப்படமாட்டார். சொல்லிக்கொடுக்க நாக்கு துடிக்கும் என்று, அண்ணன் வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

அக்கா மவுஸைத் தூக்கித் திரைக்குக் காட்டினார். அண்ணனுக்குக் கண் பிதுங்கியது.

"என்னா தம்பி, இங்கிலீசுல என்னமோ கேக்குது. ஆமான்னு சொல்லவா, இல்லைன்னு சொல்லவா?"

"ம்ம்ம்!" என்றார் அண்ணன்.

"இதுக்கு என்னா அர்த்தம்?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

அக்கா தடுமாறிய கேள்வியையெல்லாம் அண்ணன் தூக்கியெறிந்தார். மிச்சத்தைத் தமிழாக்கினார். நாலு நாள், நாலு பிளாஸ்திரி. மீசை பாதி போயிற்று. ஐந்தாம் நாள் அக்கா இரண்டு தட்டு தட்ட, புரோகிராம் திறந்தது.

"இம்புட்டுத்தானா? இதுக்கா தம்பி மீசையப் பிச்சுக்கிட்டே?"

அதைப் பதிந்த சி.டி. குந்தாவுக்குப் போனது. அடுத்த நாளே போன். "ஏனுங்க, இதை வைரஸுன்னு சொல்லி கம்ப்யூட்டரே அழிச்சுப்போடுச்சுங்க!"

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. "பெத்த புள்ளையத் திருடன்னு சொல்லிப்போட்டானுங்க" என்று புலம்பிக்கொண்டே ஜீப் பிடித்துப் போய், அந்தக் கம்ப்யூட்டரைச் சமாதானம் செய்துவிட்டு வந்தார்.

தேயிலை விலை ஏறவில்லை. ஆனால் மூட்டைகள் திரும்பி வருவது நின்றது. முதலாளியும் கதவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் கோயம்புத்தூர் வேலைக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன கடைசி சி.டி.யை நானே போட்டேன். முடிவில் 'உருவாக்கியவர்கள்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. செல்லம்மாக்கா பெயரும் என் பெயரும் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கேலி செய்ததைத் தவிர நான் என்ன செய்தேன்? அந்தப் பெட்டியை மூட எனக்கு வெகுநேரம் மனம் வரவில்லை.