இருபத்துநாலு பையும் ஒரு ஓயாவும்

கீழ் டிவிசன் லயம்,
யட்டியாந்தோட்டை.
2008, ஆனி மாதம்.

அன்பும் பண்பும் நிறைந்த மருமகன் சுமன் அவர்களுக்கு, தாய்மாமன் காத்தமுத்து எழுதுவித்துக்கொள்வது. இங்கு நான், தங்கள் தாயார் ஜெயம்மா, அவருடைய இரண்டு ஆடுகள், என் முழங்கால் வலி அனைவரும் சுகம். அங்கு தாங்களும் மனைவி மக்களும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம்.

மாப்ள, இதுவரைக்கும் கோகிலா டீச்சர் தானாவே எழுதினது. இனிமே நான் சொல்லச் சொல்ல எழுதுவா. எழுத்து அவளோடது, ஞாபகம் என்னோடது.

இங்க ஒலை வந்தது எந்த வருஷம்னுதானே முதல்ல கேட்டிருந்த? லங்கா கிரிக்கெட்டுல உலகக் கப்பு எடுத்திச்சே, அந்த வருஷம். தொரை பங்களாவுல போட்ட பட்டாசுச் சத்தத்துல நம்ம லயத்துக் கோழி மூணு நாளா முட்டை போடல. அப்புறம் மழை பொய்ச்சுப் போயி நாள் முழுக்கக் கரண்ட் வெட்டினாங்க. டீச்சர் அது 1996ங்கிறா, போட்டுக்க. அப்பதான் நம்ம பழைய ரப்பர் ஸ்டோர்ல, பழைய கார் பேட்டரிய ஒடைச்சு உருக்கி ஈயக்கட்டி எடுக்கிற ஒலைய வச்சாங்க. நான் முப்பது வருஷம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவன், மோந்து பாத்தே இது பச்ச வெறகு, இது காஞ்ச வெறகுன்னு சொல்லுவேன். இந்தப் புகை அப்படி இல்ல மாப்ள, நாக்குல இனிச்சுக்கிட்டு வந்திச்சு. இனிச்சா நல்லதுதானேன்னு நானே சொல்லியிருக்கேன், என் புத்திய என்ன செய்ய. ரெண்டு மாசத்துல லயத்துப் புள்ளைங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டுச்சுங்க. நாலு வயசுல உன் தம்பி மதுசனும் சுருண்டான். ரத்தத்துல ஈயம் இருக்குன்னாரு டாக்டர் மாத்தயா. இன்னைக்கு அவனுக்கு பதினாறு, இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். அதனாலதான் நீ கேட்டதும் அன்னைக்கே டீச்சரக் கூப்பிட்டுட்டேன்.

நாங்க போட்ட சத்தத்துல பெரிய ஆபீசுலயிருந்து வந்து பாத்து, புகையப் புடிச்சாத்தான் ஒலை எரியலாம்னு உத்தரவு போட்டாங்க. வந்திச்சு பாரு ஒரு தகரக் கூடு! உள்ள இருபத்துநாலு துணிப் பை, ஒவ்வொண்ணும் ரெண்டாள் உசரம், ராட்சசன் வீட்டுக் கால்சட்டையக் காயப் போட்ட மாதிரி. பெரிய ஃபேன் ஒண்ணு புகைய இழுத்து அந்தப் பைக்குள்ள தள்ளும். காத்து மட்டும் துணி வழியா வெளிய போயிரும், ஈயப்பொடி உள்ளேயே நின்னுரும். மணிக்கொருக்கா கைப்பிடியப் புடிச்சு ஆட்டினா பொடி உதிந்து கீழ டிரம்முல விழும். அத திரும்ப ஒலையில போட்டா அதுவும் ஈயமாயிரும். புகையப் பத்தித் தெரிஞ்சவன் யாருன்னு தேடி என்னையே ஆட்டுற வேலைக்குப் போட்டாங்க. மொத நாளு பொடியக் கையில அள்ளிப் பாக்கப் போனேன், மெசின் பூட்ட வந்த பையன் "எப்பா எப்பா சீயா!"ன்னு, வேணாம் தாத்தான்னு சிங்களத்துல அலறி என் மூக்கச் சுத்தி ஒரு துணியக் கட்டிவிட்டான். அந்தச் சந்தோசத்த எப்படிச் சொல்லுவேன் மாப்ள, ஒலை எரியுது, சிம்னியில புகையே இல்ல! லயத்துல வெள்ளச் சீலை வெள்ளையாவே காஞ்சிச்சு! நான் போற எடமெல்லாம் "புகை புடிக்கிற காத்தமுத்து"ன்னாங்க.

அப்புறம் வந்திச்சு ஆயுத பூசை. பால் வெட்டுற கத்தி, வாளி, மெசின் எல்லாத்தையும் கழுவி சந்தனம் குங்குமம் வைக்கிறதுதானே நம்ம வழக்கம். ஒலையில நின்ன சின்னத்தம்பிக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்திச்சோ, இருபத்துநாலு பையையும் கழட்டி லயத்துக்குக் குடிதண்ணி வர்ற ஓயாவுக்கே, நம்ம ஆத்துக்கே தூக்கிட்டுப் போயிட்டான், தொவைக்கிறதுக்கு! பேட்டரி ஏத்தி வந்த கபூர் நானாவும் லொறிய நிப்பாட்டிட்டுப் பாக்குறாரு. உன் அம்மா வழக்கம்போல கொடத்தோட வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறா. நான்தான் பாறைக்குப் பாறை பாஞ்சு, "ஆகாசத்துல புடிச்சத ஓயாவுல விடப் போறியா? நாளைக்கு நம்ம புள்ளைங்க எதக் குடிக்கும்?"னு கத்தி, ஒரு பை கூட நனையாமப் புடுங்கினேன். அந்தப் பாய்ச்சல்ல வந்ததுதான் இந்த முழங்கால் வலி.

இப்ப புதுசா ஒலை வைக்கிற மொதலாளி, சிம்னிய ஒசத்திக் கட்டினாப் போதும், பை எதுக்குங்கிறாராமே? ஒசத்தினா புகை நம்ம தலையில விழாது, மேல் டிவிசன் தலையில விழும். அங்கதான் உன் மாமியார் வீடு இருக்கு, யோசிச்சுக்க. அதப் பத்தி நடக்கப் போற கேகாலை விசாரணைக்குப் பழசெல்லாம் பாத்த ஆள் ஒருத்தர் வந்து சொல்லணும்னியே, நான் வாரேன். என் பேரப் பெருசாப் போடு.

மேட்டு மாரியாத்தா உங்க எல்லாருக்கும் நல்ல காத்தும் நல்ல தண்ணியும் தரட்டும்.

இப்படிக்கு,
தாய்மாமன் காத்தமுத்து (கைநாட்டு)

பி.கு: மாப்ள, மேல கைநாட்டுன்னு டீச்சர் எழுதிட்டா, ஆனா எடம் இன்னும் வெறுமையாத்தான் இருக்கு. வெரல்ல மசியப் பூசின பொறகு டீச்சர் ஒருக்கா வாசிச்சுக் காட்டினா. என் வாயால சொல்லும்போது நல்லாத்தான் இருந்திச்சு, அடுத்தவ வாயால கேக்கும்போது வெரல் எறங்க மாட்டேங்குது. பையத் தூக்கிட்டுப் போனது சின்னத்தம்பி இல்ல, நான். செத்தவன் வந்து கேக்க மாட்டான்ங்கிற தைரியத்துல அவன் மேல போட்டேன். அவன் "வேணாண்ணே"ன்னுதான் பின்னாலயே வந்தான். சாமி முன்னாடி மெசின அழுக்கா நிறுத்தக்கூடாதுன்னு நான்தான் மொதப் பைய முக்கக் குனிஞ்சேன். கத்தினது உன் அம்மா. நான் சொன்ன அதே வார்த்தைதான், முன்னாடி "யோவ் அண்ணே, கூறுகெட்டவனே"ன்னு சேத்துக்க. கொடம் பறந்து வந்திச்சு, அதுக்குத் தப்பி ஓடி வழுக்கின வலிதான் முழங்கால்ல. அதுக்கப்புறம் டிரம்முக்கு மூடி போட வச்சு, பொடி ஒலைக்குத்தான் போகுதான்னு தெனமும் வந்து பாத்ததும் அவதான். விசாரணையில என்ன கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

அதனால என் பேர வெட்டிரு. அன்னைக்கு ஓயாவுல நின்னவங்கள்ல சின்னத்தம்பி போயிட்டான். கபூர் நானாவும் மவுத்தாகி ஆறு வருஷமாச்சு. பொய் சொன்ன என்னச் சேத்துக்காத. உண்மையச் சொல்ல உசிரோட இருக்கிறது இனி ஒரே ஆளு, உன் அம்மா ஜெயம்மா.