காற்றே வீசாத பெருவெளி நாடு

பெருவெளி நாட்டில் தடுப்பதற்கு மலை கிடையாது. தெற்கிலிருந்து வரும் ஈரமான சூட்டுக் காற்றும் வடக்கிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்றும் யாரையும் கேட்காமல் அங்கே முட்டிக்கொள்ளும். கீழேயிருக்கும் சூட்டுக் காற்று விறுவிறுவென மேலே ஏறும், மேகம் சுழலும், சுழன்றது தும்பிக்கைபோல் தரைக்கு இறங்கும். ஒரு தெருவையே வாரிக்கொண்டு போகும். அடுத்த தெருவில் கொடியில் காயும் வேட்டியைத் தொடாது.

அதன் வேகத்தை அளக்கப் போன கருவிகளும் சேர்ந்து பறந்துவிட்டதால், என்னென்ன உடைந்தது என்று பிறகு பார்த்துக் காற்றுக்குத் தரம் சொல்வது அந்நாட்டு வழக்கம். சொல்பவர் அரசாங்கச் சேதக் கணிப்பாளர் குழந்தைவேலு. நல்ல மனிதர்தான். வேலை போய்விடுமோ என்ற பயம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

புதிய மன்னருக்குத் தம் ஆட்சியில் பெருங்காற்று வீசுவது பிடிக்கவில்லை. கீழேயிருக்கும் சூட்டுக் காற்று அனுமதியின்றி மேலே ஏறக்கூடாது என்று காற்றுத்துறை அமைச்சர் மகுடேசுவரர் சட்டம் போட்டார். காற்று மசியவில்லை. குழந்தைவேலுவைக் கூப்பிட்டார்.

"விழுந்துபோன வீடு, வீடாய்யா?"

"இல்லீங்க. வெறும் மண்ணுமேடு."

"அப்ப வீட்டுக்குச் சேதமில்ல. சேதமில்லேன்னா காத்துமில்ல. அப்படியே சான்று குடுத்துடு."

குழந்தைவேலு கொடுத்தார். காற்றே இல்லாத நாட்டில் எதற்கு என்று எச்சரிக்கை மணியைக் கழற்றினார்கள். நிவாரணமும் நின்றது. கடைசியில், காற்றுக்குப் பயந்து நிலவறைக்குள் ஒளிவது மன்னர்மேல் நம்பிக்கையில்லாத ராஜதுரோகம் என்று எல்லா நிலவறைகளையும் பூட்டினார்கள். தம் தெரு நிலவறைக்குக் குழந்தைவேலுவே முத்திரை வைத்தார். அவர் மனைவி செங்கமலம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்திரையில் ஒரு பிற்பகல் வானம் பச்சையாக மாறியது. ஆலங்கட்டி கொட்டியது. பிறகு காதைப் பிளக்கும் இரைச்சல். அலுவலக மேசைக்கடியில் கிடந்த குழந்தைவேலு, அது அடங்கியதும் வீட்டுக்கு ஓடினார். தெருவே இல்லை. மனைவி பெயரைச் சொல்லிக் கத்தினார். நிலவறைக் கதவு திறந்தது. கையில் கடப்பாரையோடு செங்கமலம் ஏறி வந்தாள். பின்னால் தெரு மொத்தமும் வந்தது. குழந்தைவேலு வாய்விட்டு அழுதார். அழுது முடிப்பதற்குள் சேவகர்கள் வந்து அவளைப் பிடித்தார்கள்.

விசாரணை மறுநாள் அரசவையில் நடந்தது. கூரை பறந்துபோயிருந்ததால் அமைச்சர் குடை பிடித்தபடி விசாரித்தார்.

"முத்திரைய ஏன் ஒடச்சே?"

"காத்து வந்துச்சு, ஒடச்சேன்."

அமைச்சர் கணிப்பாளரிடம் திரும்பினார். "காத்து வந்துச்சா?"

வந்தது என்றால் அவள் விடுதலை; இத்தனை நாள் தந்த சான்றெல்லாம் பொய்யென்று இவர் தலை போகும். செங்கமலம் அவரையே பார்த்தாள்.

"வரலீங்க," என்றார் தரையைப் பார்த்து.

சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிறைச்சாலையும் பறந்துபோயிருந்தது. ஊரில் பூட்டக்கூடியதாக மிஞ்சியது அந்த நிலவறைதான். அங்கேயே அடைக்கச் சொன்னார் அமைச்சர். செங்கமலம் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

கூட்டத்தில் ஒருவன் கையைத் தூக்கினான். "நானும் உள்ளதான் இருந்தேன். என்னையும் புடிங்க."

"நான் மன்னரைத் திட்டினேங்க!" என்றாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி.

"நானுந்தான்!"

ஊரே குற்றத்தை ஒப்புக்கொண்டு நிலவறை வாசலில் வரிசையில் நின்றது. சேவகர்களும் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு வரிசையில் சேர்ந்தார்கள். கடைசி ஆளும் இறங்கியதும் கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டது.

வெளியே அமைச்சரும் குழந்தைவேலுவும்தான் இருந்தார்கள். அமைச்சர் குடையை விலக்கி அண்ணாந்து பார்த்தார்.

"என்னய்யா, வானம் பச்சையா இருக்கே?"

"இல்லீங்களே," என்றார் குழந்தைவேலு.