நினைவுப் பாதுகாவலரின் பெட்டி

மனித குலம் தன் நினைவுகளைப் பாறையில் செதுக்கிப் பார்த்தது, பனையோலையில் கீறிப் பார்த்தது. அவற்றுக்குரிய இடம் கடைசியில் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தமிழ்வேந்தனின் ஸ்டுடியோவில்தான் அமைந்தது. அங்கே வீடியோக்களைச் சேமிக்கும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் என்றொரு கறுப்புப் பெட்டி. ஊர்க் கல்யாணமெல்லாம் அதற்குள் 'சிரஞ்சீவி'யாக இருந்தன. தமிழ்வேந்தன் தன்னைப் போட்டோகிராபர் என்று சொல்லிக்கொள்வதில்லை, 'நினைவுப் பாதுகாவலர்'.

அன்று பாதுகாவலருக்குச் சோதனை வந்தது. நிர்மலாவின் குழந்தைக்கு மறுநாள் காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் வீரமணி, வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டான். தங்கை கல்யாணத்தில், மாப்பிள்ளை மச்சானுக்குப் போட வேண்டிய மாலையைக் காட்டிவிட்டுத் தன்னை ஓரங்கட்டினார்கள் என்பது அவன் வழக்கு. மாலையோடு போனேன், மச்சான்தான் விலகிப் போனார் என்று அவள் புருஷன் சத்தியம் செய்தான். வீடியோ பார்த்தால் தீர்ந்தது என்று அண்ணனைக் கையோடு இழுத்து வந்திருந்தாள் நிர்மலா.

பெட்டியோ மவுண்ட் ஆக மறுத்தது. விளக்கெல்லாம் மினுக்கியது, கணினியில் மட்டும் தலைகாட்டவில்லை. தமிழ்வேந்தன் வயரைப் பிடுங்கிச் செருகினார், பாஸ்வேர்டை மாற்றினார், பெட்டியை அணைத்து ஆறவிட்டார். கல்வராயன் மலையில் மழை, அந்த ஈரக்காற்றுதான் காரணம் என்று மலைமேல் பழி போட்டார். வீரமணி செருப்பை மாட்டத் தொடங்கினான். நிர்மலாவுக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“இன்னாண்ணே, இதுல பக்கத்து பேக்கரி பேரு காட்டுது?”

பெட்டி ஸ்டுடியோவின் சொந்த இணைப்பில் இருந்தது. கணினியோ பேக்கரியின் ஓசி வைஃபையில் நாளெல்லாம் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு வீட்டில் இருந்தால் எப்படிப் பேசிக்கொள்ளும்? 'தொழில்நுட்பக் கோளாறு' என்று கம்பீரமாக அறிவித்துவிட்டு இணைப்பை மாற்றினார். பெட்டி திறந்தது.

அடடா, என்ன கலை! கோமுகி அணைமேல் ட்ரோன் பறந்தது. நிர்மலாவின் கண்ணிமை நான்கு கோணங்களில் இறங்கியது. பிறகு மண்டபம். மாப்பிள்ளை மாலையை எடுத்தான், வீரமணி கழுத்தை நீட்டினான். பெருமை தாங்காமல் தமிழ்வேந்தன் சத்தத்தைக் கூட்டினார். மேளத்தையும் மீறிக் கேட்டது அவருடைய குரலேதான்:

“அண்ணே, ஃப்ரேம்ல வந்துக்கினு கீறீங்க, ஓரமா போங்க. சார், அந்த மாலைய பொண்ணு கைல குடுங்க, ஸ்லோ மோஷன் எடுக்கணும்.”

அதன்பிறகு மாலை மட்டும் வெகுநேரம் ஆடியது. வீரமணியை எங்கேயும் காணோம்.

அவன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நாளிக்கு வந்துடறன் நிர்மலா. உன் வூட்டுக்காரரு மேல தப்பே இல்ல. இந்தப் பாதுகாவலரு மட்டும் வரக்கூடாது.”