பொங்கிய பனி

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்து நான்கு வயதுவரை நான் சமையலறைக்குள் போனது தண்ணீர் குடிக்க மட்டும்தான். அதைக் கொள்கை என்று வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். "சமைக்கத் தெரிஞ்சவா ஊர்ல ஆயிரம் பேர் இருக்கா. டாங்கி செய்யத் தெரிஞ்சவா எத்தனை பேரும்மா?" என்று அம்மாவிடம் வசனம் பேசுவேன். (அந்த வாய்க்கு அப்போதே ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.)

டாங்கி என்றால் நிஜ டாங்கி இல்லை. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, சாயம் பூசிச் செய்கிற உள்ளங்கை அளவு ராணுவ மாடல்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கல்கத்தாவில் டாக்குரியா பக்கம் குடியிருந்தோம். எங்கள் மாடிவீட்டு ரஞ்சன்தா ('தா' என்றால் அங்கே அண்ணா) ஒரு மாடல் கிளப் நடத்திவந்தார். ஆறு ஆண்கள், ஆறு மூக்குக்கண்ணாடிகள், அறுபது விரலிலும் பசை. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. ஏழாவது ஆளாக என்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்கள் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்த கிளப்பில் சேராவிட்டால் உயிரே போய்விடும் போலிருந்தது.

துர்கா பூஜைக்கு முன்னால் கரியாஹாட் பக்கம் ஒரு ஹாலில் கண்காட்சி. அதற்காக ஆறு பேரும் சேர்ந்து ஏழு மாதமாக இமயமலை உச்சியில் ஒரு காவல் முகாமைச் செய்துகொண்டிருந்தார்கள். மேசை அளவு மலை, நான்கு கூடாரம், ஒரு பீரங்கி, ஒரு ஹெலிகாப்டர், ஓர் அங்குல உயரத்தில் பன்னிரண்டு சிப்பாய்கள். ஒவ்வொருவனுக்கும் ரஞ்சன்தா புருவம் வரைந்திருந்தார். புருவம்! எல்லாம் தயார், பனி மட்டும்தான் பாக்கி. ஆறு பேரில் ஒருவர்கூட பனியைக் கண்ணால் பார்த்ததில்லை.

"நான் பாத்திருக்கேன். நான் செய்யறேன்" என்று வங்காளியில் அடித்துவிட்டேன். (பார்த்தது எங்கள் ஃபிரிட்ஜின் மேல் தட்டில்.)

ரஞ்சன்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பனி நல்லா வந்தா நீ கிளப்பில் இருக்கே. வரலைன்னா..." என்று இழுத்தவர், சிப்பாய்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

முதலில் வீட்டில் ஒரு அட்டையின் மேல் ஒத்திகை பார்த்தேன். உப்பைத் தூவினேன். கல்கத்தா மழைக்காலக் காற்று பட்டதும் அது வியர்த்து வழிந்து ஓடிற்று. சர்க்கரையைத் தூவினேன். டாக்குரியாவின் சகல எறும்புகளும் மலையேற வந்துவிட்டன. சைபர் கஃபேயில் உட்கார்ந்து தேடி, சமையல் சோடாவையும் வெள்ளைப் பசையையும் குழைத்துப் பூசினேன். மூன்றாம் நாள் மலைக்கு மஞ்சள் காமாலை. கண்காட்சிக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் கொள்கையை விட்டுவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தேன். கோலத்துக்கு வைத்திருந்த அரிசி மாவு கண்ணில் பட்டது. என்ன வெள்ளை, என்ன நைஸ்! ஆனால் தண்ணீர் விட்டுக் குழைத்தால் ஒட்டாமல் சரிந்தது. பக்கத்து டப்பாவில் முறுக்குக்கு அரைத்த உளுத்தம் மாவு. தொட்டுப் பார்த்தேன், விரலை விடாமல் பிடித்துக்கொண்டது. நாலு பங்குக்கு ஒரு பங்கு கலந்தேன்.

(நீங்கள் சிரிப்பது கேட்கிறது. எனக்கு இட்லியைத் தட்டில் வந்த பிறகுதான் பழக்கம்.)

அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள். "என்னடி பண்றே?"

"மாவு கரைக்கிறேன்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது. "பொடியிலேயே கரைச்சுட்டியா? போறது, முதல் தடவைதானே. உப்பு போட்டியோ?"

உப்புப் போட்டால் பூஞ்சை பிடிக்காது என்று எங்கோ படித்திருந்தேன். போட்டேன்.

"கையாலேயே நன்னா அடிச்சுக் கரை. அப்பத்தான் பஞ்சாட்டம் வரும்."

பஞ்சு! பனிக்கு வேறென்ன வேண்டும்? தோள்பட்டை கழன்றுவிடும்வரை அடித்தேன். அதற்குள் அம்மா அப்பாவின் ஆபீசுக்கு போன் போட்டு, "நாளைக்குக் காலம்பற உங்க பொண்ணு கையால..." என்று தழுதழுத்துக்கொண்டிருந்தாள். நான் பாத்திரத்தோடு செருப்பு மாட்டியதும்தான் திரும்பினாள்.

"எங்கேடி எடுத்துண்டு போறே?"

"மலைக்கு!"

கண்காட்சி ஹாலில் சாயங்காலம் ஆறு மணிக்குள் பூசி முடித்தேன். பொய் சொல்லக்கூடாது, அவ்வளவு அழகு. கூடார ஓரங்களில் மெத்தென்று குவிந்து, சிப்பாய்களின் முழங்கால்வரை ஏறி நின்றது. "அபூர்போ!" என்று வியந்தார் ரஞ்சன்தா. தூசி விழாமல் கண்ணாடிப் பெட்டியால் மூடி, மேலே துணியும் போர்த்தி, அந்தப் புழுக்கமான ஹாலைப் பூட்டிவிட்டு வந்தோம். நான் ஆட்டோவில் பாடிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர், இமயமலையில் அந்த உயரத்திலேயே பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு கர்னல். ராணுவக்காரர் இல்லையா, அரைமணி முன்னாலேயே வந்து நின்றுவிட்டார். அவர் முன்னிலையில்தான் துணியை எடுத்தோம்.

முகாமைக் காணோம். கூடாரமும் இல்லை, சிப்பாயும் இல்லை. பெட்டிக்குள் வெள்ளை மட்டும் தளதளவென்று உப்பிக் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டரின் விசிறியும் பீரங்கியின் மூக்கும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெட்டியைத் தூக்கியதும் குப்பென்று புளித்த வாசனை ஹாலை நிறைத்தது. மலையுச்சியில் ஒரு குமிழி மெதுவாக எழும்பி, 'ப்ளக்' என்று உடைந்தது.

"ஷொர்போநாஷ்!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். குடி முழுகிப்போச்சு என்று அர்த்தம்.

ரஞ்சன்தா என்னைத் திட்டவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "என் புருவங்கள்..." என்றார். திட்டியிருந்தால் தேவலை. ஏழு மாதம் அந்த ஆறு பேரும் கண் வலிக்கச் செய்ததை நான் ஒரு பாத்திரம் மாவில் முழுக்காட்டிவிட்டேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன்.

கர்னல் மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "உள்ளே எத்தனை பேர்?"

"ப... பன்னிரண்டு, சார்" என்று எழுந்தார் ரஞ்சன்தா.

கர்னல் கோட்டைக் கழற்றினார். வாட்சைக் கழற்றினார். "ஒரு ஸ்பூன் கொண்டா" என்றார் என்னிடம். வாசல் டீக்கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்தேன். மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார். "கூடாரத்துக்குப் பின்னால பாரு. காத்து அடிச்சா ஆள் அங்கேதான் ஒதுங்குவான்" என்று எங்களையும் ஏவினார். ஒவ்வொருவனாக எடுத்து, துடைத்து, தன் கைக்குட்டையில் படுக்கவைத்தார். பதினொன்றோடு நின்றது. வந்த கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலோடு நின்றவர், "இருக்கட்டும் சார், பதினொண்ணு போதும்" என்றார்.

"போதாது" என்றார் கர்னல்.

பன்னிரண்டாமவன் பீரங்கிச் சக்கரத்துக்கு அடியில் கிடந்தான். அவனைத் தூக்கிப் பிடித்ததும் ஹாலே கைதட்டிற்று.

"எங்க முகாம்லயும் ஒருநாள் விடியறப்போ கூடாரத்தைக் காணோம்" என்றார் கர்னல், கையைத் துடைத்தபடி. "நான் உள்ளே இருந்தேன். எங்க சமையல்காரர்தான் தோண்டி எடுத்தார். கண்காட்சிப் பனியெல்லாம் சும்மா கிடக்கும். இதுதான் வளருது. யார் செஞ்சது?"

ஆறு மூக்குக்கண்ணாடிகளும் என் பக்கம் திரும்பின.

"பனி சரியா இருக்கு" என்று விரலை முகர்ந்தார். "வாசனைதான் எங்க பனியைவிட நல்லா இருக்கு."

என்னை கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு ஜோடிப் புருவமும் நானே வரைய வேண்டும் என்ற நிபந்தனையோடு. அம்மாவுக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை. "அத்தனை ஜோரா பொங்கியிருக்கு. ஒருத்தருக்காவது ரெண்டு இட்லி வார்க்கணும்னு தோணித்தா?" என்பாள்.

இப்போது நானே மாவு கரைக்கிறேன். ராத்திரி வைத்தது காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றால், எங்கள் வீட்டில் யாரும் உடனே கரண்டியை விடுவதில்லை. என் பெண் பாத்திரத்தின் மேல் குனிந்து, "உள்ளே யாராவது இருக்கேளா?" என்று சத்தமாகக் கேட்பாள். பதில் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் இட்லி.