வாத்துக்கு ஒரு வசனம் வேண்டி

நார்விச் அருகில், 1667, மிக்கேல் தூதர் திருநாளுக்கு முந்தின நாள்

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய அண்ணன், சபைப் போதகர் ஆம்ப்ரோசுக்கு, தங்கை தாமசின் வணங்கி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் போதகரிடம் பொய் சொல்லக் கை வரவில்லை.

நீங்கள் பார்த்து முடித்த மாப்பிள்ளை பார்னபி இந்த வீட்டில் ஒரு பொருளையும் முழுசாக விட்டுவைக்கவில்லை. போன வாரம் பாலாடைக்கட்டியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, அதில் நெளிகிற பூச்சிகளைச் சமையல்காரி ஜோனுக்குக் காட்டினார். அவள் அன்றே மூட்டை கட்டிவிட்டாள். கேட்டால், "கர்த்தரோட கிரியை பெரியது, பிரியமுள்ளவங்க அதை ஆராய்வாங்கன்னு சங்கீதத்துலயே இருக்குடி" என்கிறார். அப்புறம் எறும்புப் புற்றை மண்ணோடு பெயர்த்துக் கட்டிலுக்கடியில் வைத்தார். எறும்பிடம் போய்ப் பார் என்று சாலமோன் ராஜாவே சொன்னாராம். போய்ப் பார் என்றுதானே சொன்னார், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா என்றா சொன்னார்?

இப்போது இவர் கண், திருநாள் விருந்துக்கென்று நான் வளர்த்த வாத்தின் மேல். நாளை வீட்டுச் சொந்தக்காரர் சர் ஹம்ப்ரி திருநாள் விருந்துக்கு வருகிறார். வழக்கப்படி கொழுத்த வாத்து மேஜைக்கு வந்தால் குத்தகையைப் புதுப்பிப்பார். வராவிட்டால் குளிர்காலத்தில் நாங்கள் தெருவில். இவரோ, வாத்துக்குள்ளே மூச்சு எங்கே போகிறதென்று அறுத்துப் பார்த்தே தீருவாராம். பொறுக்கமாட்டாமல் நானும் வேதத்தைத்தான் எடுத்தேன்.

"என்னங்க, ஏவாளும் இப்படி ஆசைப்பட்டுத்தானே குடியிருந்த தோட்டமே போச்சு?"

"போடி பைத்தியமே! ஏவாள் எங்க ஆராய்ஞ்சா? பாத்ததும் கடிச்சுட்டா. என்னை மாதிரி ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடியில வச்சுப் பாத்திருந்தா, நாம இன்னும் ஏதேன்லதான் இருந்திருப்போம்!"

அழுகை அழுகையா வருது அண்ணா. வாயைப் பொத்திக்கிட்டுச் சாப்பிடுன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு வசனம், ஒரே ஒரு வசனம், வேதத்துல எங்கயாவது இருந்தா இந்தக் கடிதத்தைக் கொண்டு வர்ற வண்டிக்காரன் கையிலயே எழுதி அனுப்புங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், அவர்கள் கண்ணில் பூதக்கண்ணாடி படாமல் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
நொந்துபோன தங்கை,
தாமசின்

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் சர் ஹம்ப்ரி துரை ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றார். வாத்து என்னவோ மேஜை மேல்தான் இருந்தது. இவர் அதை அறுத்து, நுரையீரலில் துருத்தியை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது துருத்தியைத் துரை அழுத்திக்கொண்டிருந்தார். குத்தகையை ஆயுசுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒருவராய் இருப்பதைவிட இருவராய் இருப்பது நலம் என்றும் சாலமோன் சொல்லியிருக்கிறாராம். அதனால் திங்கட்கிழமை துரையும் தன் பூதக்கண்ணாடிகளோடு இங்கேயே குடிவருகிறார். வசனம் ஒண்ணு போதாது அண்ணா, ரெண்டா அனுப்புங்க.